விசிறியில் என் அப்பா

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் என் அப்பாவின் முகத்தால் கரியை விசிறிக்கொண்டிருந்தார். போன தேர்தல் சமயத்தில் ஒரு சாயங்காலம் அது. நான் லாஸ்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வகுப்பு முடிந்து ஸ்கூட்டரில் ரெட்டியார்பாளையம் வந்து சேர்ந்ததும், இரண்டு காட்டன் புடவைகளை எடுத்துக்கொண்டு அவரிடம் போயிருந்தேன். அவர் கையில் ஒரு அட்டை விசிறி போய்ப் போய் வந்தது. அதில் ஒரு முகம் சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும்.

"அண்ணே, அதை இப்படிக் குடுங்க," என்றேன்.

"உங்க அப்பாதான் டீச்சர். காலைல கட்சிக்காரங்க வீட்டுக்கு ஒண்ணுன்னு குடுத்துட்டுப் போனாங்க. நம்ம தெரு ஆளு படம் வந்திருக்குதேன்னு எனக்குப் பெருமையா போச்சு," என்றார். விசிறியின் ஓரத்தில் ஒட்டியிருந்த சாம்பலைத் தன் லுங்கியில் துடைத்துவிட்டுக் கொடுத்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கரிக்கு ஏதாவது ஒரு விசிறி வேண்டும்.

விசிறியின் மேல் வரிசையில், வட்ட வட்டமாக, நான் பிறப்பதற்கு முன்பே இறந்துபோன பெருந்தலைவர்கள். அவர்கள் எல்லாத் தேர்தலுக்கும் வருகிறவர்கள். நடுவில் வேட்பாளர், கும்பிட்ட கையோடு, தலை முதல் கால் வரை. அவர் தோளுக்குப் பக்கத்தில் என் அப்பா, அவரைத் திரும்பிப் பார்த்து வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே, 'தொழிலாளர் தலைவர் கைகாட்டிய பிள்ளை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. புடவையைக் கொடுக்காமலேயே விசிறியோடு வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் ஊரில் செத்துப்போன தலைவர்களுக்கு இருக்கும் வேலை உயிரோடு இருப்பவர்களுக்குக் கிடையாது. தேர்தல் வந்துவிட்டால் சாவிக்கொத்தில் தொங்குவார்கள், வண்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்வார்கள், சுவர்க்கடிகாரத்தில் முள்ளுக்குப் பின்னால் நிற்பார்கள், சட்டைப் பைக்குள் இருந்து எட்டிப் பார்ப்பார்கள். கூலிக்கு வரும் ஆட்கள் அவர்களுடைய முகமூடியை மாட்டிக்கொண்டு வெயிலில் ஆடுவார்கள். செத்தவர்கள் வசதியானவர்கள். சீட்டு கேட்க மாட்டார்கள், கோஷ்டி சேர்க்க மாட்டார்கள், நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்று மறுத்துப் பேசவும் மாட்டார்கள். இதையெல்லாம் பார்த்து இத்தனை வருஷமாக நானும் சிரித்துவிட்டுத்தான் போனேன். பெரியவர்கள் பாடு, அவர்கள் குடும்பத்தின் பாடு என்று இருந்தேன். அப்பா ஒன்றும் பெரிய தலைவர் இல்லை. எங்கள் நான்கைந்து தெருவுக்கு மட்டும் தலைவர். அவரை இந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்துவார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

அப்பா அரசாங்கப் பஞ்சாலையில் வேலை செய்தவர். தொழிற்சங்கத்தை அவர்தான் பார்த்துக்கொண்டார். காலையில் ஷிப்ட், சாயங்காலம் சங்கம், ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை. அந்த விசிறியில் வேட்பாளராக நிற்பவர் அப்போது இருபது சொச்சம் வயதுக்காரர். அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்துதான் அரசியலுக்கு வந்தார். எங்கள் வீட்டில் அவர் சாப்பிடாத மீன் குழம்பு கிடையாது. ஆலையை மூடப்போகிறோம், கொடுப்பதை வாங்கிக்கொண்டு போங்கள் என்று நிர்வாகம் சொன்னபோது அப்பா முடியாது என்றார். இவர் பின்வாசல் வழியாகப் போய்ப் பேசி, சங்கத்தின் பேரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அப்பா அதைக் கட்சியில் கேள்வி கேட்டார். கேட்டதற்குப் பதிலாக அப்பாவைக் கட்சியை விட்டு நீக்கினார்கள். நீக்கும் தீர்மானத்தை மேடையில் நின்று வாசித்தவரும் இவர்தான். வாசித்துவிட்டு, "கிழட்டு மாட்டை வெச்சிக்கிட்டு ஏர் ஓட்ட முடியாது," என்றாராம். கூட்டத்தில் கை தட்டினார்களாம்.

அதற்குப் பிறகு அப்பா கரை போட்ட வேட்டியைக் கட்டவே இல்லை. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கு அலைபவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பார். பென்ஷன் நின்றுபோன பழைய தொழிலாளிகளைக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நிற்பார். இருபது வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது. வேட்பாளரைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. தொலைக்காட்சியில் அவர் முகம் வந்தால் சேனலை மாற்றிவிடுவார், அவ்வளவுதான். அப்பா இறந்தபோது தெரு முழுக்க வந்தது. கட்சியில் இருந்து ஒரு மாலை, ஒரு ஆள், ஒரு போன்கூட வரவில்லை. நல்லவேளை, கொடி போர்த்துகிறேன் என்று எவரும் வந்து நிற்கவில்லையே என்று அன்றைக்கு நிம்மதிப்பட்டேன்.

ஆக, அந்த மனுஷர் செத்து ஒரு வருஷம் ஆகப்போகும் நேரத்தில், அவரை எடுத்து விசிறியில் ஒட்டியிருக்கிறார்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விசிறியை அம்மாவிடம் காட்டவேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எங்கள் வீட்டுக் கதவிடுக்கிலும் ஒன்றைச் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் உள்ளே போனபோது அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. நான்தான் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தேன்.

"உங்கப்பாவுக்கு மச்சம் இந்தக் கன்னத்துலயா இருந்துச்சி?" என்று கேட்டாள்.

அப்போதுதான் கவனித்தேன். அப்பாவுக்கு வலது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம் உண்டு. விசிறியில் அது இடது கன்னத்துக்குப் போயிருந்தது. சட்டைப் பை வலது பக்கம் வந்திருந்தது. அப்படியே படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். திருப்பினால்தான் அவர் வேட்பாளரைப் பார்த்துச் சிரிப்பார். தோளில் கட்சிக்கரை போட்ட ஒரு துண்டை வேறு வரைந்திருந்தார்கள். அந்தப் படம் என் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய அன்று, புதுநன்மை விருந்தில் எடுத்தது. அம்மா பாயசத்தைப் புடவையில் கொட்டிக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்துத்தான் அப்பா அப்படிச் சிரித்தார். படம் எடுக்க நின்றாலே முகத்தை உம்மென்று வைத்துக்கொள்ளும் மனுஷர் அவர். அவர் சிரித்த மாதிரி எங்களிடம் இருக்கும் ஒரே படம் அது. அதில் அவர் அம்மாவைப் பார்க்கிறார். அம்மாவுக்கு அது மட்டும் போதும்.

படம் அவர்கள் கைக்கு எப்படிப் போனது என்பதற்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் வேதக்காரக் குடும்பங்களில் முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்கு இறந்தவரின் படம் போட்ட சின்ன அட்டை ஒன்று கொடுப்போம். பின்பக்கம் ஒரு செபம் இருக்கும். வாங்கியவர்கள் அதைச் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வார்கள். பூசைக்குப் போகும்போதெல்லாம் புத்தகத்தைத் திறந்தால் அந்த முகம் தென்படும், ஒரு அருள்நிறை மந்திரம் சொல்வார்கள். அதற்காகத்தான் அந்த அட்டை. அம்மா இந்தப் படத்தைத்தான் போடச் சொன்னாள். சிரிக்கிற படத்தைச் சாவு அட்டையில் போடலாமா என்று உறவில் ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அவள் கேட்கவில்லை. அந்த அட்டையை வாங்கிக்கொண்டு போன யாரோ ஒரு புண்ணியவான் அதைக் கட்சி ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவர்களுடைய தேர்தல் பணிமனைக்குப் போனேன். விழுப்புரம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில், இலை போடுகிற மேஜைகளின் மேல் அட்டைப்பெட்டிகள். ஒன்றில் சாவிக்கொத்து, ஒன்றில் ஸ்டிக்கர், ஒன்றில் பாக்கெட் காலண்டர். எதை எடுத்தாலும் அப்பா சிரித்தார். ஒரு பெட்டியின் மேல் யாரோ டீ குடித்த கிளாசை வைத்திருந்தார்கள். அப்பாவின் நெற்றியில் வட்டமாகக் கறை. அதைப் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பொறுமையும் போய்விட்டது.

பொறுப்பாளர் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் இன்னார் மகள், இந்தப் படத்தை எல்லாம் எடுங்கள் என்றேன்.

"சந்தோஷப்படுவீங்கன்னு பாத்தா, கோவப்படுறீங்களே," என்றார். "எவ்ளோ பெரிய மரியாதை குடுத்திருக்கோம்."

"உயிரோட இருந்தப்ப குடுத்த மரியாதைய நாங்க பாத்துட்டோம். படத்தை எடுங்க."

"டீச்சர், அவரு உங்களுக்கு மட்டும் அப்பா இல்ல. மக்கள் சொத்து. நீங்க மட்டும் உரிமை கொண்டாடுனா எப்புடி?"

மக்கள் சொத்து என்று அந்த ஆள் வாய் கூசாமல் சொன்னார். ஆலை நிலமும் மக்கள் சொத்தாகத்தான் இருந்தது, அதை எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன். சுற்றி நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அந்தப் போன் அடிக்கவே இல்லை.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு சொல்தா இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து அங்கிருந்து பென்ஷன் வாங்குபவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். நான் போட்ட சத்தம் சுவர் தாண்டிக் கேட்டிருக்கும் போல. வந்து விசிறியை வாங்கிப் பார்த்தார். "பிரான்சுல இது அந்தர்தீ. தடை. ஒருத்தன் மூஞ்சிய அவன் வீட்டைக் கேக்காம போட்டா கோர்ட்டுல நாறடிச்சுடுவாங்க," என்றார். அப்புறம் அவரே, "இங்க இன்னா பண்றது," என்று சொல்லிவிட்டு விசிறியால் விசிறிக்கொண்டே சலிப்போடு திரும்பிப் போனார். போகும்போது விசிறியையும் கையோடு கொண்டுபோய்விட்டார்.

இதற்கு நடுவில் முதலாம் ஆண்டு நினைவுப் பூசை நெருங்கிவிட்டது. அதற்கும் அட்டை கொடுக்க வேண்டும். வேறு படம் போட்டுவிடலாம் அம்மா என்று சொல்லிப் பார்த்தேன். ஆதார் அட்டைக்கு எடுத்தது ஒன்று இருந்தது.

"நான் எதுக்கு மாத்தணும்?" என்றாள். "எம்புருஷன் படத்தை அவங்க திருடிக்கிட்டா நான் வேற புருஷனைத் தேடணுமா? அவங்க மாத்தட்டும்."

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பூசைக்கு வருகிறவர்கள் கையில் அப்பா சரியான பக்கம் மச்சத்தோடு, அவளைப் பார்த்துச் சிரித்த அந்தச் சிரிப்போடு போய்ச் சேர வேண்டும். டவுனில் ஒரு அச்சகத்தில் கொடுத்து அடித்தேன். வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரின் கால்மாட்டில் பெட்டியை வைத்து வரும்போது, மெயின் ரோட்டில் பறக்கும் படை மறித்தது. தேர்தல் நேரத்தில் பணமும் பரிசுப் பொருளும் போகிறதா என்று வண்டிகளைச் சோதிக்கிறவர்கள். ஒருவர் வீடியோ எடுக்க, ஒருவர் பெட்டியைத் திறந்தார். அட்டையைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"என்ன மேடம், கட்சிப் பொருளா?"

"எங்க அப்பா. நினைவு அட்டை. பூசைக்குக் குடுக்கிறது."

அவர் ஜீப்பில் இருந்து ஒரு விசிறியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அதே படம்தான். பிரசாரப் பொருள்னா அச்சடிச்சவங்க பேரு, எத்தனை காப்பின்னு கீழ போட்டிருக்கணும். இதுல ஒண்ணும் இல்லையே."

"சார், சாவு அட்டையில யாரு அதெல்லாம் போடுவாங்க? பின்னால திருப்பிப் பாருங்க, செபம் இருக்குது. இந்த மச்சத்தைப் பாருங்க. இது வலது பக்கம், அது இடது பக்கம். அவங்க திருடித் திருப்பிப் போட்டிருக்காங்க."

"மேடம், மச்சத்தை எல்லாம் நான் செக் பண்ண முடியாது," என்றார்.

நடுரோட்டில் நின்று நான் கத்தினேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என்னிடம் படித்த ஒருத்தி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, "மிஸ், என்ன ஆச்சு மிஸ்?" என்றாள். வீடியோ எடுத்தவர் என் முகத்துக்குக் கிட்டே வந்து எடுத்தார். கட்சிக்காரர்கள் பெட்டி பெட்டியாக விசிறி கொடுக்கிறார்களே, அதைப் பிடித்தீர்களா என்று கேட்டேன். அது முறைப்படி கணக்குக் காட்டிய பொருளாம். திருடியவனிடம் ரசீது இருந்தது, பறிகொடுத்தவளிடம் இல்லை. பெட்டியைக் கட்டிச் சீல் வைத்துக்கொண்டு போனார்கள். அப்பாவைக் கொண்டுபோன மாதிரியேதான் இருந்தது எனக்கு.

தேர்தல் அலுவலகத்துக்கு இரண்டு தடவை அலைந்தேன். அங்கே இருந்த அதிகாரி மரியாதையாகவே பேசினார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. "இது எங்களுடைய பிரசாரப் பொருள் இல்லைன்னு வேட்பாளர் ஒரு கடிதம் குடுத்தா உடனே விட்டுடறோம்மா. இல்லைன்னா ஓட்டு எண்ணிக்கை முடிஞ்ச பிறகு வாங்க," என்றார். என் அப்பா எனக்கு அப்பாதான் என்று, அவரைக் கிழட்டு மாடு என்ற ஆளிடம் போய் எழுதி வாங்கி வர வேண்டும். நாற்காலியை உதைத்துத் தள்ளாமல் எழுந்து வந்தது பெரிய காரியம்.

செய்தி எப்படியோ கட்சி ஆபீசுக்குப் போய்விட்டது. இரண்டு நாள் கழித்து வேட்பாளரே வீட்டுக்கு வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, பின்னால் ஏழெட்டுப் பேர், ஒருவன் கையில் கேமரா. வாசலிலேயே செருப்பைக் கழற்றி, அம்மாவின் காலைத் தொடக் குனிந்தார். அம்மா காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

"அம்மா, அண்ணன் எனக்குச் சாமி மாதிரி. விஷயம் கேள்விப்பட்டதும் துடிச்சுப்போயிட்டேன். கடுதாசி இப்பவே குடுத்துடறேன், சாயங்காலத்துக்குள்ள பெட்டி உங்க வீட்டுல இருக்கும். நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. நம்ம தெருவுக்கு ஓட்டு கேக்க வண்டி வர்றப்ப பக்கத்துல அஞ்சு நிமிசம் வந்து நில்லுங்க. பேசக்கூட வேணாம். நின்னா போதும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவளுக்கு அந்த அட்டை எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். ராத்திரி தூக்கத்தில்கூட அதைத்தான் முனகினாள். ஐந்து நிமிஷம் நின்றால் கிடைத்துவிடும். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தம்பி, நீ எங்கூட்டுச் சோறு தின்னவன். அதனால நீன்னுதான் சொல்லுவேன். அந்தப் படத்துல அவரு என்னைப் பாத்துச் சிரிக்கிறாரு. உன்னை இல்ல. நீ நடுவுல வந்து நிக்கிற."

அவர் சிரித்து மழுப்பப் பார்த்தார். "அம்மா எப்பவும் தமாசு," என்று பின்னால் இருந்தவர்களிடம் சொன்னார்.

"நான் தமாசு பண்ணல. நவுரு. வாசல்ல வெளிச்சம் வரமாட்டேங்குது," என்றாள் அம்மா.

கேமராக்காரன் கேமராவை இறக்கிவிட்டான். வேட்பாளர் கும்பிட்டுவிட்டுப் போனார். பெட்டி சீலோடு அங்கேயே கிடந்தது.

நினைவுப் பூசை அட்டை இல்லாமல் நடந்தது. கோவில் வாசலில் அம்மா வெறுங்கையோடு நின்று வந்தவர்களைக் கும்பிட்டாள். வழக்கம்போல அட்டைக்குக் கை நீட்டியவர்கள், இல்லை என்று தெரிந்ததும் நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்கள். சித்திரை வெயில், மேலே ஓடிய மின்விசிறி போதவில்லை. பெஞ்சுகளில் அங்கங்கே கட்சி விசிறி ஆடிக்கொண்டிருந்தது. யாரும் வேண்டுமென்று கொண்டுவரவில்லை, கையில் இருந்ததைக் கொண்டுவந்தார்கள். சாமியார் அப்பாவின் ஆத்துமாவுக்காக மன்றாடியபோது, அந்த இடது கன்னத்து மச்சக்காரர் கோவில் முழுக்க வேட்பாளரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். முதல் பெஞ்சில் வேட்பாளரும் வந்து உட்கார்ந்திருந்தார். சிலுவை அடையாளம் போடத் தெரியாமல் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டு வைத்தார். மறுநாள் அவர் அப்படிக் கும்பிட்ட படம் எல்லோருடைய வாட்ஸப்பிலும் சுற்றியது. பூசைக்கு நடுவில் எழுந்து போய் அவரைச் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளத் தோன்றியது. அம்மாவுக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவர் ஜெயித்தார். நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தார். எங்கள் தெருவில் பட்டாசுக் குப்பையைப் பெருக்கி முடித்த பிறகு, தேர்தல் அலுவலகத்தில் இருந்து போன் செய்து, பெட்டியை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தேன். அம்மா சீலைப் பிரித்து, மேலே இருந்த அட்டையை எடுத்து நன்றாகத் தடவிப் பார்த்தாள். வலது கன்னத்தில் மச்சம், இடது பக்கம் சட்டைப் பை. "இவருதான்," என்றாள். உடனே கல்லறைக்குப் போக வேண்டும் என்றாள்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் பூ விற்கும் அம்மாளுக்குத்தான் முதல் அட்டையைக் கொடுத்தாள். அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"ஓட்டுதான் போட்டாச்சேம்மா," என்றாள். "எங்கூட்டுல எல்லாரும் இவருக்குத்தான் போட்டோம். இன்னும் இன்னாத்துக்குக் குடுக்குறீங்க?"

அடுத்த அட்டையை எடுக்கப் போன அம்மா பெட்டியை மூடிவிட்டாள். அப்பாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினாள், செபம் சொன்னாள், ஆட்டோவில் திரும்பி வரும் வழியெல்லாம் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாள். எனக்குத்தான் பேச்சு நிற்கவில்லை. கட்சியைத் திட்டினேன், அந்த அதிகாரியைத் திட்டினேன், ஊரைத் திட்டினேன், எதைக் கொடுத்தாலும் கை நீட்டி வாங்கிக்கொள்ளும் எங்கள் தெருவைத் திட்டினேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

ஆட்டோ எங்கள் தெருவுக்குள் திரும்பியதும் அம்மா, "இங்கயே நிறுத்தச் சொல்லு," என்றாள். இறங்கினாள். பெட்டியை என் கையில் கொடுத்து, "தூக்கிக்கினு பின்னாலயே வா," என்று முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"உங்கூட்டுல அந்த விசிறி இருக்குதா?" என்று கேட்டாள். "அதைக் குடு. இதை வாங்கிக்க. இவரு எந்தக் கட்சியும் இல்ல. எங்கூட்டுக்காரரு."

எழுபது வயதைத் தாண்டியவள், முட்டிவலிக்காரி, ஓட்டுக் கேட்கிறவர்கள் மாதிரி வீடு வீடாகப் படி ஏறி இறங்கினாள். ஒவ்வொரு வீட்டிலும் அதையேதான் சொன்னாள். சிலர் பதறிப்போய் உடனே கொண்டுவந்து கொடுத்தார்கள். சிலர் தேடிப் பிடித்து, எண்ணெய்ப் பிசுக்கோடு கொடுத்தார்கள். சொல்தா தன்னுடைய விசிறியைக் கொடுத்துவிட்டு அட்டையை வாங்கி நெஞ்சில் வைத்து, "மெர்சி," என்றார். இஸ்திரிக்காரர் ஓரம் கருகிய விசிறியை நீட்டினார். அதைப் பார்த்ததும் எனக்கு மறுபடியும் ஆத்திரம் வந்தது, யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

தெருக்கோடி மாடி வீட்டில், சமீபத்தில் குடிவந்த ஒரு பெண். கரண்ட் இல்லை. தூளியில் கைக்குழந்தை வியர்த்துக் கிடந்தது. அவள் அதற்கு அந்த விசிறியால்தான் விசிறிக்கொண்டிருந்தாள். அம்மா சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

"விசிறி இருக்கட்டும் ஆயா," என்றாள். "கரண்ட் போனா விசிறிக்க ஆவுது. அட்டையை வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுக்கு அப்பாவைத் தெரியாது, அவ்வளவுதான். நான் சண்டைக்குக் கிளம்பினேன். அம்மா என்னைப் பின்னால் தள்ளினாள்.

"இருக்கட்டும்மா, நீயே வெச்சிக்க. குழந்தைக்கு வேணும்ல. ஒரு கத்திரிக்கோல் இருந்தாக் குடு."

அந்தப் பெண் புரியாமல் உள்ளே போய்க் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா மாடிப்படியில் உட்கார்ந்து, விசிறியை வாங்கி மடியில் வைத்து, அப்பாவை மட்டும் சுற்றி வெட்டினாள். அவசரப்படாமல், காது பிசகாமல், வரைந்த துண்டு வேண்டாம் என்று கழுத்தோடு நிறுத்தி வெட்டினாள். வெட்டிய முகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு விசிறியைத் திருப்பிக் கொடுத்தாள். பெருந்தலைவர்கள் மேலே அப்படியே இருந்தார்கள். வேட்பாளர் பக்கத்தில் ஒரு பெரிய ஓட்டை.

அந்தப் பெண் இரண்டு தடவை விசிறிப் பார்த்தாள்.

"காத்தே வரமாட்டேங்குதே ஆயா," என்றாள்.

"அதுல ஒருத்தன் கும்பிட்டுக்கினு நிக்கிறானே, அவனைப் போய்க் கேளு," என்றாள் அம்மா. "ஓட்டு அவனுக்குத்தான போட்ட?"

சொல்லிவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, எதிர் வரிசை வீடுகளுக்கு நடந்தாள்.